சென்னிமலைத் துண்டும் போர்வையும் இணையத்தில் விற்க: 35,000 ரூபாய்ப் பயிற்சியில் சேர வேண்டுமா?

குழித்தறி | 2025 நவம்பர் 9

வணக்கம். சென்னிமலையை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு இரண்டு குழித்தறிகள், அதாவது குழியில் காலை வைத்து உட்கார்ந்து நெய்யும் கைத்தறிகள். நூலும் பாவும் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள்) முதலாளி கொடுப்பார். போர்வையாக நெய்து கொடுத்தால் கூலி கிடைக்கும். நான் பி.காம். முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் 4 ஆண்டுகளாகப் பில் போடுகிறேன். அப்பா வாங்கும் கூலியும் எனக்குத் தெரியும், அதே மாதிரிப் போர்வைக்கு நான் போடும் பில்லும் தெரியும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் தொகையில் ஒரு பங்காவது வீட்டுக்கு வராதா என்ற எண்ணத்தில்தான் இணையத்தில் விற்கலாம் என்று தோன்றியது.

சென்ற வாரம் கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்திய இலவசக் கூட்டத்துக்குப் போனேன். மூன்று மணி நேரம் பேசினார்கள். 30 நாளில் இணையக் கடை தயாராகிவிடும், 6 மாதத்தில் மாதம் ஒரு லட்சம் வரும் என்றார்கள். கடைசியில் கட்டணம் 35,000 ரூபாய் என்றும், அன்றைக்கே கட்டினால் 5,000 குறையும் என்றும் சொன்னார்கள். என்னிடம் இருக்கும் மொத்தச் சேமிப்பே 60,000. கட்டாமல் திரும்பிவிட்டேன், ஆனால் பேருந்தில் வரும்போதே, தவறவிட்டுவிட்டோமோ என்ற குறுகுறுப்பு தொடங்கிவிட்டது.

இந்தப் பயிற்சி இல்லாமல் கற்றுக்கொள்ள முடியுமா? முதலில் சொந்தமாக இணையதளம் போட வேண்டுமா, அமேசான், மீஷோ போன்றவற்றில் சேர வேண்டுமா? போர்வை, ஈரிழைத் துண்டு, ஜமக்காளம் ஆகியவற்றுள் எதில் தொடங்குவது? ஜிஎஸ்டி கட்டாயமா? அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரூர்க் கணக்கு | 2025 நவம்பர் 9

வணக்கம் தங்கை. கரூரில் வீட்டு ஜவுளி வியாபாரத்தில் 20 ஆண்டுகளும், அதை இணையத்தில் விற்பதில் 8 ஆண்டுகளும் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

இணையதளம், விளம்பரம், பயிற்சி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பார்சலின் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இந்த ஒரு தாளை எழுதாமல் இறங்கியவர்கள்தான் முதல் ஆண்டிலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். நானும் அப்படிச் சுட்டுக்கொண்டவன்தான். 2018-இல் ஓர் இரட்டைக் கட்டில் போர்வையைப் பெரிய தளம் ஒன்றில் 799 ரூபாய்க்கு, அனுப்பும் செலவு இலவசம் என்று போட்டு, ஒரு மாதத்தில் 100 பார்சல் போனதும் வீட்டில் பாயசம் வைத்தோம். இன்றைய விலைவாசிக்கு ஏற்ப அந்தக் கணக்கைத் திருத்திக் கீழே தருகிறேன்.

799-இல் 5 விழுக்காடு வரி உள்ளடங்கியிருக்கிறது. அதை எடுத்தால் 761. தளத்தின் கமிஷன், நிலைக்கட்டணம், அவற்றின் மேல் அவர்கள் போடும் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 110 என்று வையுங்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் செலவு 120. உறை, ஒட்டுநாடா, அச்சிட்ட தாள் 14. போர்வையின் அடக்கம் 430. மிச்சம் 87 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். 100 பார்சலில் 88 தங்கி 12 திரும்பி வந்ததாக வைத்துக்கொள்வோம். பணம் பிறகு கொடுக்கும் சிஓடி ஆர்டர்கள் அதிகமானால் இதைவிடக் கூடுதலாகவே வரும். 88 பார்சலில் கிடைப்பது 7,656. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போகும் செலவு 120, வரும் செலவு 90, கட்டிய செலவு 14, ஆக 224; பன்னிரண்டுக்கும் 2,688. அந்தப் பன்னிரண்டில் மூன்று கறை பட்டோ, யாரோ ஓர் இரவு போர்த்திப் பார்த்த வாசனையோடோ வந்து, பாதி விலைக்குத் தள்ளப்பட்டதில் 645 போனது. இப்போது கையில் 4,323. பார்வைக்கு வர வேண்டுமே என்று ஆர்டருக்கு 40 ரூபாய் வீதம் விளம்பரத்துக்குக் கொடுத்திருந்தால் 4,000 போய்விடும். 100 பார்சல் கட்டியதற்கு மிஞ்சியது 323 ரூபாய்.

தொழில் முடியாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் எந்த எண்ணை உங்களால் குறைக்க முடியும் என்று பார்ப்பதுதான் இணைய வியாபாரம் கற்பது. கமிஷன் உங்கள் கையில் இல்லை. அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கூரியர்காரர்கள் இரண்டு எடைகளைப் பார்ப்பார்கள். ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுத்து வரும் பருமன் எடை, அதாவது வால்யூமெட்ரிக் வெயிட். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நான் தொடக்கத்தில் போர்வையை அழகான அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். பெட்டி 35-க்கு 28-க்கு 12. பெருக்கி வகுத்தால் 2.35 கிலோ. போர்வையின் உண்மை எடையோ 1.1 கிலோ. அரைக்கிலோ அடுக்காகக் கணக்கிடுவதால் 2.5 கிலோவுக்குக் காசு கொடுத்தேன். அதே போர்வையைத் தட்டையாக மடித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, உயரம் 5 சென்டிமீட்டராகும்படி பாலிதீன் உறையில் போட்டபோது பருமன் எடை 0.98 ஆனது, உண்மை எடைக்கு மட்டும், அதாவது 1.5 கிலோ அடுக்குக்குக் காசு கொடுத்தால் போதும் என்றானது. ஓர் உறையை மாற்றியதில் மிச்சமான தொகை, அந்தப் பெட்டியைப் பாராட்டி எழுதிய வாடிக்கையாளர்களின் சொல்லைவிட எனக்கு உதவியது.

ஆகவே எதில் தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்கு என் விடை ஈரிழைத் துண்டு. ஒன்று ஏறத்தாழ 180 கிராம். இரண்டு வைத்து உறையோடு எடை போட்டாலும் 400 கிராமைத் தாண்டாது. முதல் அடுக்கிலேயே, அரைக்கிலோவுக்குள் முடிந்துவிடும். அளவுச் சிக்கல் கிடையாது, உடைவதற்கும் ஒன்றுமில்லை, வீட்டுக்கு வீடு ஆண்டுதோறும் வாங்குவார்கள். ஜமக்காளம் எனக்கும் பிடித்த பொருள்தான். அதன் எடையைப் பார்த்தால் முதல் ஆண்டில் நினைக்கவே வேண்டாம்.

இணையக்கட்டு | 2025 நவம்பர் 10

கரூர் அண்ணாவின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சொந்த இணையதளத்தை ஓரமாக வைக்கச் சொல்வதில் உண்டு. நான் கோவையில் சிறு கடைகளுக்கு இணையதளம் கட்டித் தருபவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதாயத்துக்காகப் பேசுகிறேன் என்று எண்ணினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தளத்தில் 1,000 பேர் வாங்கினாலும் அவர்களில் ஒருவரும் உங்கள் வாடிக்கையாளர் அல்லர். அவர்களுடைய தொலைபேசி எண் உங்களிடம் இராது. தீபாவளிக்கு ஒரு செய்தி அனுப்ப முடியாது. ஏதோ ஒரு புகாரில் உங்கள் கணக்கை நிறுத்தி வைத்தால், மின்னஞ்சலுக்குப் பதில் வரும் வரை கடை பூட்டுதான். சொந்தத் தளத்திலோ பணம் வாங்கும் சேவைக்கு ஏறத்தாழ 2 விழுக்காடும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும்தான் போகும். இப்போதே கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பெயரை முடிவு செய்து, அந்தப் பெயரில் இணைய முகவரியையாவது வாங்கி வையுங்கள். விற்பனை நிலைத்தபின் வணிகக் குறி (டிரேட்மார்க்) பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்காகப் பொருட்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் துண்டு, போர்வை வருவது 24-ஆம் வகுப்பில். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய்.

கரூர்க் கணக்கு | 2025 நவம்பர் 10

முகவரி வாங்கி வைப்பது சரி, ஆண்டுக்கு ஆயிரத்தோடு போகும். ஆனால் தளம் கட்டிவிட்டால் ஆள் வந்துவிடுவார்கள் என்று மட்டும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லாதீர்கள் தம்பி. பெரிய தளத்தில் கமிஷன் கொடுக்கிறோம். சொந்தத் தளத்தில் அதே காசை, சில வேளை அதைவிடக் கூடுதலாக, விளம்பரத்துக்குக் கொடுக்கிறோம். சந்தைக்குள் கடை போட்டால் சுங்கம், ஊருக்கு வெளியே போட்டால் தண்டோரா. இரண்டுக்கும் காசு வேண்டும்.

பட்டறிவு | 2025 நவம்பர் 11

பயிற்சியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் கட்டியவன். 2022-இல், வேறொரு நிறுவனத்தில், 42,000 ரூபாய். முதல் மாதம் கொடுத்தவை 60 காணொளிகள். அவற்றில் இணையக் கடை மென்பொருளில் பொருளை ஏற்றுவது, விளம்பரக் கணக்கு திறப்பது, நிறம் தேர்ந்தெடுப்பது ஆகியவை இருந்தன. அனைத்தும் அந்தந்த நிறுவனங்களின் உதவிப் பக்கங்களில் இலவசமாக இருப்பவை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எதை விற்பது என்று கேட்டபோது, கையில் சரக்கே வைக்காமல் வேறொருவர் கிடங்கிலிருந்து நேராக அனுப்பும் முறையைச் சொன்னார்கள். அலைபேசி தாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். என் கண்ணால் பார்க்காத பொருள். பார்சலைத் திறந்தவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். விளம்பரத்துக்குப் போட்ட 18,000-மும் சேர்த்து 60,000 ரூபாய் போனது. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, நான் முழு மனத்துடன் உழைக்கவில்லை என்று பதில் வந்தது.

எல்லாப் பயிற்சியும் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பின்னாளில் உதவிய பயிற்சி, விற்பனைப் பொருட்களைப் படம் பிடிக்கும் ஒருவரிடம் 1,500 ரூபாய் கொடுத்துக் கற்ற ஒரு நாள் வகுப்பு. அவர் கற்பித்தது ஒரே ஒரு வேலை, அதைக் கையால் செய்ய வைத்தார். சேரும் முன் நீங்கள் அந்த நிறுவனத்திடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்களுடைய வருமானத்தில் பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, பொருள் விற்பது எவ்வளவு? எனக்குப் பாடம் எடுத்தவர் தன் வாழ்நாளில் ஒரு பார்சல்கூடக் கட்டியதில்லை என்பதை அவருடைய உதவியாளரே தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னார்.

உங்களுக்கு அமைந்தது எனக்கு அமையவில்லை, சகோதரி. கடையில் 4 ஆண்டுகள் பில் போட்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் துணியைத் தடவிப் பார்த்து என்ன கேட்பார், எந்த விலையில் கீழே வைத்துவிட்டுப் போவார் என்பதை நேரில் பார்த்திருக்கிறீர்கள். அதை எந்தக் காணொளியும் தராது.

வரிப்பேனா | 2025 நவம்பர் 12

ஜிஎஸ்டி குறித்து இணையத்தில் பாதி உண்மையும் பாதி பழைய செய்தியும் உலவுவதால் விரிவாகவே எழுதுகிறேன். நான் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன்.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது பொது விதி. ஆனால் வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் பதிவு வேண்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு துண்டு அனுப்பினாலும் அதுதான் நிலை. கைவினைப் பொருட்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் துண்டு அந்தப் பட்டியலுக்குள் வருமா என்பதை நெய்யும் முறையையும் வகைப்பாட்டு எண்ணையும் வைத்து ஓர் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நீங்களே ஊகிக்க வேண்டாம்.

இணையச் சந்தைத் தளங்கள் வழியாக விற்பவர்கள் அனைவரும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும், வரம்புக்குக் கீழே விற்பவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் தங்கள் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டு விற்கலாம். பலருக்கு இது தெரியாததால், தேவையில்லாமல் பதிவு செய்துவிட்டு, பின்னர் கணக்குத் தாக்கல் செய்ய மறந்து எங்களிடம் வருகிறார்கள். பதிவு செய்துவிட்டால் ஒரு ரூபாய்கூட விற்காத காலத்துக்கும் வெற்றுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். சென்ற மாதம் ஒரு பெண்மணி, ஊறுகாய் விற்கப் பதிவு செய்து மூன்றே மாதத்தில் விட்டுவிட்டவர், அந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு எங்கள் அலுவலகத்திலேயே கண் கலங்கினார்.

நீங்கள் பதிவு செய்ய நேர்ந்தால் அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. வீடு அப்பா பெயரில் இருந்தால் மின் கட்டண ரசீதோடு அவருடைய ஒப்புதல் கடிதமும் வேண்டும். ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரையுள்ள துண்டு, போர்வைக்கு வரி 5 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22-க்கு முன் இந்த எல்லை 1,000 ரூபாயாக இருந்தது. தளங்கள் ஜிஎஸ்டி கணக்கில் 0.5 விழுக்காடும், வருமான வரிக் கணக்கில் 0.1 விழுக்காடும் பிடிப்பார்கள். இவை செலவல்ல, உங்கள் பெயரில் செலுத்தப்படும் முன்பணம். கணக்கில் காட்டிப் பெற்றுக்கொள்ளாவிட்டால்தான் செலவாகும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் முற்றிலும் இலவசம். அதற்கு 2,000, 3,000 கேட்கும் தளங்கள் அரசுத் தளம் போலவே தோன்றும். அவற்றில் பான் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

குழித்தறி | 2025 நவம்பர் 13

எல்லோருக்கும் மிக்க நன்றி. பயிற்சி நிறுவனத்திலிருந்து நான்கு முறை அழைத்தார்கள். பட்டறிவு அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். மேலாளரிடம் பேசச் சொல்கிறேன் என்றார்கள், அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

ஈரிழைத் துண்டு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் சொந்த நூலில் நெய்கிறார். 100 துண்டு, ஒன்று 95 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். அப்பா தறியில் ஓடுவது முதலாளியின் பாவு என்பதால் அதில் ஒரு முழம்கூட விற்க முடியாது. இப்போது இரண்டு ஐயங்கள். முதல் பத்துப் பேரை எங்கே பிடிப்பது? படம் எப்படி எடுப்பது? என் அலைபேசியில் எடுத்தால் காவி நிறம் ஆரஞ்சாகத் தெரிகிறது.

மாலைக்கடை | 2025 நவம்பர் 14

கண்ணு, உன் இரண்டாவது கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் குழந்தைகள் உடை விற்று 6 ஆண்டுகளாகிறது. எனக்குத் திரும்பி வந்த சரக்கில் பெரும்பகுதி நிறம் மாறித் தெரிந்ததால் வந்ததுதான்.

குழல்விளக்கின் கீழ் எடுக்காதே. காலை 8 மணிக்கு மேல் 10 மணிக்குள், நேர் வெயில் விழாத சன்னல் ஓரத்தில், வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் துண்டை வைத்து எடு. வெள்ளை வேட்டி படத்திலும் வெள்ளையாகத் தெரிந்தால் துண்டின் நிறமும் சரியாக இருக்கும். வேட்டி மஞ்சளாகத் தெரிந்தால் படத்தை அழித்துவிட்டு இடத்தை மாற்று. அலைபேசியில் அழகு கூட்டும் வசதிகள் அனைத்தையும் நிறுத்திவிடு. ஒரு படம் முழுத் துண்டு விரித்தபடி, ஒரு படம் கரை மட்டும் நெருக்கமாக, ஒரு படம் யாராவது தோளில் போட்டபடி. தோளில் போட்ட படம் இல்லாவிட்டால் அளவு என்ன எழுதினாலும் புரியாது. கைக்குட்டை அளவில் வந்துவிட்டது என்பார்கள்.

விவரம் எழுதும்போது குறையை முதலில் எழுது. புதுத் துண்டு பாவுக் கஞ்சியால் முரடாக இருக்கும், முதல் இரண்டு துவைப்பு வரை தண்ணீரை நன்றாக உறிஞ்சாது, அதன்பின் மிருதுவாகும் என்று எழுதிவிட்டால், அதைப் படித்து வாங்கியவர் புகார் செய்ய மாட்டார். எழுதாமல் விட்டால் அதே கஞ்சி உனக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பீடாக வந்து நிற்கும்.

முதல் பத்துப் பேர் உன் அலைபேசியிலேயே இருக்கிறார்கள். கல்லூரித் தோழிகள், கடையில் உடன் வேலை செய்தவர்கள், சென்னையிலும் திருச்சியிலும் இருக்கும் உறவினர்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல் போடும் வசதி இருக்கிறது. ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உன் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும் என்பதை மறந்துவிடாதே. யாரையும் கேட்காமல் குழுவில் இழுத்துப் போடாதே. நான் தொடக்கத்தில் அப்படிச் செய்து என் நாத்தனாரிடமே பேச்சு வாங்கினேன்.

பணத்தில் ஓர் எச்சரிக்கை. பணம் அனுப்பிவிட்டேன் என்று படம் வந்தால் அதை நம்பாதே. உன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே பார்சலைக் கட்டு. இராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மொத்தமாக ஆர்டர் தருவார், பணம் அனுப்ப ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்வார். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது திருட்டு. ஏமாந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பாவடி | 2025 நவம்பர் 16

நான் 50 ஆண்டுகள் தறியில் இருந்தவன். பேரன் தட்டச்சு செய்து தருகிறான். அம்மணி, படத்துக்கு மேலே "கைத்தறி" என்று போடும் முன் ஒரு கணம் நின்று யோசிக்கவும். உங்கள் தெருக்காரர் நெய்வது கைத்தறியிலா, விசைத்தறியிலா? எங்கள் பக்கத்தில் இன்று துண்டு பெரும்பாலும் விசைத்தறியில்தான் ஓடுகிறது. அதுவும் நல்ல துண்டுதான். ஆனால் அதைக் கைத்தறி என்று விற்பது, உங்கள் அப்பாவின் கூலியிலேயே கை வைப்பதாகும். சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று ஒதுக்கி 1985-இல் சட்டமே வந்தது. பெட்ஷீட்டும் ஜமக்காளமும் அந்த ஒதுக்கீட்டில் உண்டு. அப்படியிருந்தும் வேறு ஊர் விசைத்தறியில் ஓடியதைப் பவானி ஜமக்காளம் என்ற பெயரில் விற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பா தறியில் சொந்த நூலில் நெய்யும் நாள் வந்தால், அவருடைய நெசவாளர் அடையாள அட்டையை வைத்துக் கைத்தறி முத்திரைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் இந்தியா ஹேண்ட்மேட் தளத்திலும் சேரலாம். அங்கே நெசவாளரிடம் கமிஷன் வாங்குவதில்லை.

குழித்தறி | 2025 நவம்பர் 16

ஐயா, கேட்டுவிட்டேன். விசைத்தறிதான். பட்டியலில் "சென்னிமலைப் பருத்தி ஈரிழைத் துண்டு, விசைத்தறி" என்றே போடுகிறேன்.

இணையக்கட்டு | 2025 நவம்பர் 17

விசைத்தறி என்ற சொல்லைப் பட்டியலில் போட்டு விற்கும் முதல் கடையைப் பார்க்கிறேன். வாழ்த்துகள், பெயரை முடிவு செய்தபின் சொல்லுங்கள்.

குழித்தறி | 2026 பிப்ரவரி 1

உதவிய அனைவருக்கும் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

100 துண்டு 9,500 ரூபாய்க்கு வாங்கி, இரண்டிரண்டாக 50 பார்சல் அனுப்பினேன். இரண்டு துண்டு 300 ரூபாய். அனுப்பும் செலவு 50-ஐ வாங்குபவர் தனியாகக் கொடுத்தார். அடக்கம் 190, உறையும் ஒட்டுநாடாவும் 12 போக ஒரு பார்சலில் 98 நின்றது. தங்கியவை 47 பார்சல். அதாவது 36 பேர் ஒரு முறை வாங்கி, அவர்களில் 11 பேர் பொங்கலுக்கு முன் மறுபடியும் வாங்கினார்கள். மூன்று பார்சலுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தேன். கருநீலத் துண்டு சாயம் விட்டு ஒருவருடைய வெள்ளைச் சட்டையைப் பாழாக்கிவிட்டது, அதே சாயத் தொகுதியில் போன மற்ற இருவருக்கும் நானே சொல்லித் திருப்பினேன். கஞ்சியைப் பற்றி எழுதிய நான், சாயத்தைத் துவைத்துப் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு நனைத்து ஓர் இரவு வைத்துப் பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுகிறேன்.

47 பார்சலில் 4,606 ரூபாய். மூன்றில் இழந்தது அனுப்பும் செலவோடு 756. சமையலறைத் தராசு ஒன்று 650. மிச்சம் 3,200. இராணுவ அதிகாரியும் வந்தார், 200 துண்டு கேட்டார். மாலைக்கடை அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

கரூர்க் கணக்கு | 2026 பிப்ரவரி 1

நல்ல கணக்கு. ஒரு வரி குறைகிறது. மாலையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள்?

குழித்தறி | 2026 பிப்ரவரி 2

60 நாள், சராசரியாக ஒன்றரை மணி நேரம்.

கரூர்க் கணக்கு | 2026 பிப்ரவரி 2

90 மணி நேரம். மணிக்கு 35 ரூபாய் 55 காசு. கடையில் பில் போடும் வேலையில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள். ஆனால் 90 மணி நேரமும் மீண்டும் தேவைப்படாது. படம் எடுத்தாயிற்று, விவரம் எழுதியாயிற்று, சாயச் சோதனை கைவந்துவிட்டது. அடுத்த 50 பார்சலுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை நாள்தோறும் குறித்து வாருங்கள். மறுபடி வாங்கிய 11 பேரைத் தனி நோட்டில் எழுதிவையுங்கள்; எந்த நிறம், எதற்காக என்று கேட்டு எழுதுங்கள். அவர்களுக்காக நீங்கள் ஒரு ரூபாயும் விளம்பரத்துக்குக் கொடுக்கவில்லை.

குழித்தறி | 2026 பிப்ரவரி 4

கேட்டேன் அண்ணா. பதினொருவரில் நான்கு பேர் போர்வை கிடைக்குமா என்றார்கள். தூத்துக்குடியில் ஓர் அம்மா, கடலோரக் காற்றுக்கு ஏற்றபடி மெல்லியதாக, கரை அகலமாகக் கைத்தறியில் வேண்டும், விலை 1,400 ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லி, பழைய போர்வை ஒன்றின் படத்தையும் அனுப்பினார். அப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் அலைபேசியைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுநாள் காலையில் ஒரு தறியில் முதலாளியின் பாவு முடிந்ததும் அதற்குச் சொந்த நூல் எடுக்கலாம் என்றார். 8 போர்வைக்குப் பாவு போட நூல், சாயம் எல்லாம் சேர்த்து ஒரு போர்வைக்கு 520 ஆகும் போலிருக்கிறது. அப்பாவின் உழைப்பை இந்தக் கணக்கில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு எதுவும் வேண்டாம், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

பாவடி | 2026 பிப்ரவரி 4

மிச்சத்தில் எழுதாதீர்கள் அம்மணி. முதலாளி கொடுக்கும் கூலி என்னவோ அதை நூலுக்கு அடுத்த வரியில், செலவாக எழுதுங்கள். போர்வை விற்றாலும் விற்காவிட்டாலும் சனிக்கிழமை அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் காலத்தில் சொந்தப் பாவு போட்டுக் கெட்டவர்கள் எல்லோரும் அந்த வரியை எழுதாமல் விட்டவர்கள்தாம்.

கரூர்க் கணக்கு | 2026 பிப்ரவரி 5

ஐயா சொன்னதே சரி. கூலியையும் சேர்த்தபின் 1,400-க்குக் கட்டுப்படியாகிறதா என்று பார்த்துவிட்டு, தூத்துக்குடிக்குப் பதில் சொல்லுங்கள். முன்பணம் பாதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.